ஆளுக்கு முப்பது கிலோ

தெஹியோவிட்ட
20.04.2025

மரியாதைக்குரிய பெரியம்மாவுக்கு,

உங்க தங்கச்சி பூரணத்தோட மகள் சுதர்ஷினி எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். நீங்க சுகமா? முழங்கால் வலி எப்படி இருக்கு?

ஆறு வருசத்துக்கு முன்னாடி அம்மா தவறினப்போ நீங்க ரெண்டு பக்கம் கடிதம் எழுதினீங்க. அதுக்கு நான் பதில் போடல. பெரியப்பா தவறினப்போ ஒரு கார்டு அனுப்பினதோட சரி. அது என் பிழைதான்.

இங்க டவுன்ல சின்னதா உடுப்புக் கடை வெச்சிருக்கேன். என் வீட்டுக்காரர் சுமன் இறப்பர் பால் வெட்டுறதை விட்டுட்டு இப்ப என்கூட கடையில நிக்கிறார். தீபாவளிக்கு முன்னாடி வருசா வருசம் பாங்கொக் போய் உடுப்பு எடுத்துட்டு வருவேன். இந்த முறை செப்டம்பர்ல அஞ்சு நாள். நீங்களும் என்கூட வரணும் பெரியம்மா. டிக்கட், ரூம் எல்லாம் நான் பார்த்துக்கிறேன். பாஸ்போட் மட்டும் எடுத்தாப் போதும். பெரிய பெரிய சந்தை இருக்கு, விதவிதமான சாப்பாடு இருக்கு. சின்ன வயசுல நீங்க அட்லஸை விரிச்சு வெச்சுக்கிட்டு ஊர் ஊரா அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவீங்களாம். அம்மா சொல்லியிருக்காங்க.

உங்க போன் நம்பரை எழுதுங்க, பேசிக்கலாம்.

உங்க பதிலைப் பார்த்துக்கிட்டிருக்கும்,
சுதர்ஷினி


றக்வான
02.05.2025

அன்புள்ள சுதர்ஷினி,

உன் கடிதம் நேற்று வந்தது. நான் நலம். முழங்காலைப் பற்றி உனக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அது நன்றாகவே இருக்கிறது. நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பதை அறிந்து திருப்தி.

யோசிப்பதற்கு முன் சிலவற்றை எழுதிவிடுகிறேன். பத்தொன்பது வருடங்களுக்கு முன் உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. பால் வெட்டுகிறவர் வீட்டுக் கல்யாணத்தில் தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கரின் மனைவி எந்த நாற்காலியில் உட்காருவது என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அதன் பிறகு அவள் என்னுடன் பேசவில்லை. அதைக் கிளறுவதற்காக நீ என்னை அழைக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, இது அனுதாபமாக இருந்தால் வேண்டாம். பெரியப்பா காலமான நாள் முதல் அயல் வீடுகளிலிருந்து கிண்ணத்தில் கடலைச் சுண்டல் வந்துகொண்டே இருக்கிறது. எனக்குச் சுண்டல் பிடிக்காது.

கைபேசி எண் தர இயலாது. அதை வைத்திருப்பது கிளினிக்குக்காக. போனில் பேசுகிறவர்கள் யோசிக்காமல் பேசுகிறார்கள். கடிதம் எழுதினால் போதும்.

இவை சரி என்றால், சந்தைகளின் பெயர்களையும் அவை திறக்கும் நாட்களையும் எழுதி அனுப்பு. எந்த வேளை எங்கே சாப்பிடுவது என்பதையும் எழுது. செவ்வாயும் வெள்ளியும் நான் மச்ச மாமிசம் தொடுவதில்லை. மாட்டிறைச்சி எந்த நாளும் இல்லை.

இப்படிக்கு,
திருமதி கனகாம்பிகை மாணிக்கராஜா


தெஹியோவிட்ட
14.05.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்க கடிதம் கிடைச்சிச்சு. சுகமா இருக்கீங்கன்னு தெரிஞ்சு சந்தோசம். இங்க மழை. கடையில யாவாரம் மந்தம்.

அனுதாபம் எல்லாம் இல்ல பெரியம்மா. சத்தியமா இல்ல.

நான் போற இடம் பிரத்துனாம். மொத்த விலைக்கு உடுப்பு அங்கதான், எல்லா நாளும் திறந்திருக்கும். சம்பெங்னு ஒரு சந்து இருக்கு, ரெண்டு பேர் சேர்ந்து நடக்க ஏலாது, பொத்தான், ரிப்பன், தலைக்கிளிப் எல்லாம் அங்க. சத்துசாக் பெரிய சந்தை, சனி ஞாயிறுதான். அங்க நான் ஒரு தரம்தான் போயிருக்கேன். வழி தவறிப்போய் அழுதுட்டேன்.

சாப்பாடு பற்றிக் கேட்டீங்க. உண்மையைச் சொல்றேன், எனக்குத் தெரியாது. நாலு முறை போயிருக்கேன், நாலு முறையும் இங்க இருந்து அரிசி, பருப்பு, கருவாட்டுச் சம்பல், ரைஸ் குக்கர் கொண்டு போயிட்டோம். அவசரத்துக்கு நூடில்ஸ். எதுல என்ன போடுறாங்கன்னு தெரியாதே.

நீங்க வர்றதா இருந்தா பாஸ்போட்டுக்கு இப்பவே நாள் எடுக்கணும்.

அன்புடன்,
சுதர்ஷினி


றக்வான
30.05.2025

அன்புள்ள சுதர்ஷினி,

நலம். நலமறிய விருப்பம். பாஸ்போட்டுக்குக் கைரேகை கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே இருந்த பையன், "ஆச்சி, ஹஜ்ஜுக்கா, புத்தகாயாவுக்கா?" என்று சிங்களத்தில் கேட்டான். சாமான் வாங்க என்றேன்.

நான்கு முறை வேறொரு நாட்டுக்குப் போய் நூடில்ஸ் தின்று வந்திருக்கிறாய். நான் வரும் முறை ரைஸ் குக்கர் வராது. ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும்.

டவுன் கொமினிகேஷன் கடையில் இருக்கும் பெண்ணைக் கொண்டு இணையத்திலிருந்து இருபத்தாறு பக்கம் பிரதி எடுத்து வாசித்து, அட்டவணை தயாரித்திருக்கிறேன். வியாழன் வந்து சேர்வது. வெள்ளி காலை பிரத்துனாம். அன்று மதியம் மஞ்சள் கொடி கட்டிய கடையில் சாப்பாடு. அந்தக் கொடி கட்டியிருந்தால் மீன் வாசனைகூட இருக்காதாம். சனி காலை சத்துசாக். அதற்கு இருபத்தேழு பகுதி, படம் என்னிடம் இருக்கிறது, நீ இனி அழத் தேவையில்லை. அங்கே பப்பாளிக்காய்ச் சம்பல். ஞாயிறு சம்பெங். திங்கள் உனக்கு விடுபட்ட சாமான்.

ஒத்திகையாக அவர்களுடைய புளிப்பு சூப்பை இங்கே வைத்துப் பார்த்தேன். அதில் போடுவது நம்முடைய சித்தரத்தைதான். பெரியப்பாவின் இருமல் கஷாயத்தில் இறால் போட்டுக் குடித்தது போல இருந்தது. இரண்டாம் நாள் பரவாயில்லை.

எந்த அளவுப் பெட்டி வாங்க வேண்டும் என்று எழுது.

இப்படிக்கு,
கனகாம்பிகை மாணிக்கராஜா


தெஹியோவிட்ட
10.06.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நாங்க சுகம். உங்க அட்டவணையை சுமன் கடைச் சுவத்துல ஒட்டிட்டார். சாமான் வாங்க வர்றவங்க எல்லாம் வாசிக்கிறாங்க.

பெட்டி வாங்காதீங்க பெரியம்மா. என்கிட்ட பெருசா ஒண்ணு இருக்கு, சில்லு வெச்சு உருட்டுறது. உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன். உங்க சேலை நாலையும் என் பெட்டியிலயே வெச்சுக்கலாம். நீங்க வெறுங்கையோட, ஒரு ஹேண்ட்பேக் மட்டும் எடுத்துட்டு வந்தாப் போதும்.

டிக்கட் ஜூலைக் கடைசியில போடுறேன். பாஸ்போட் நம்பரை மட்டும் அனுப்புங்க.

அன்புடன்,
சுதர்ஷினி


தெஹியோவிட்ட
08.07.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்க பதில் வரல. ஒருவேளை தபால்ல தொலைஞ்சு போயிருச்சோன்னு இதை எழுதுறேன். சுகமா இருக்கீங்களா? உங்களுக்கு ஏதும் சுகமில்லன்னா சொல்லுங்க, நானும் சுமனும் வந்து பார்க்கிறோம்.

சுதர்ஷினி


றக்வான
19.07.2025

சுதர்ஷினிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. எனக்கு எந்தச் சுகவீனமும் இல்லை.

நீ வேண்டாம் என்று எழுதியிருந்தும், அடுத்தவர் பெட்டியில் என் சேலையை வைத்துப் பழக்கமில்லாததால் தாஸிமின் கடைக்குப் போனேன். றக்வான டவுனில் முப்பது வருடமாக உடுப்பும் பையும் விற்கிறவர். பெரியப்பாவுக்குத் தெரிந்தவர். விமானத்துக்கு ஏற்ற பெட்டி ஒன்று கேட்டேன்.

"யாரு மேடம் கூட்டிட்டுப் போறது?"

என் தங்கை மகள், உடுப்புக் கடை வைத்திருக்கிறாள், பாங்கொக் போகிறோம் என்றேன்.

கையிலெடுத்த பெட்டியைத் திரும்ப மேலே வைத்துவிட்டார். "அப்ப வாங்காதீங்க. பெட்டி அவங்க தருவாங்க."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஆளுக்கு முப்பது கிலோ மேடம். ரெண்டு பேர் போனா அறுபது. எங்கட உம்மாவ நான் நாலு தரம் பாங்கொக் கூட்டிட்டுப் போயிருக்கேன். உம்மா ரூமை விட்டு வெளிய வந்ததே இல்ல, தஸ்பீஹ் மணியோட இருந்தாங்க. வாறப்ப முப்பது கிலோ ஜீன்ஸ் அவங்கட பேர்ல வந்திச்சி." சிறிதும் வெட்கமில்லாமல், தாயைப் புகழ்கிற குரலில் சொன்னார். "உடுப்புக் கடைக்காரங்க எல்லாம் இப்படித்தான். வயசானவங்கதான் நல்லம். அவங்க சாமான் கேக்க மாட்டாங்க."

நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் உன் ஜூன் மாதக் கடிதத்தை மறுபடி வாசித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

நான் பாங்கொக் போகிறேன் என்பது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நானே சொன்னேன். அது என் பாடு.

ஒரு கேள்விக்குப் பதில் எழுது. அந்த முப்பது கிலோ இல்லாவிட்டால் என்னை அழைத்திருப்பாயா? ஆம், இல்லை என்று எழுதினால் போதும்.

க. மாணிக்கராஜா


தெஹியோவிட்ட
24.07.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்க கடிதத்தை சுமன்தான் முதல்ல வாசிச்சார். "ஏன்டி அந்தம்மாவுக்குப் பொய் எழுதின?"ன்னார். பொய் எழுதல, எழுதாம விட்டேன்னேன். "அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்"னு சொல்லிட்டு கடைக்குப் போயிட்டார்.

கிலோ உண்மைதான். ரெண்டாவது ஆள் இல்லாமப் போனா எனக்குக் கட்டாது. போன மூணு முறையும் சுமனோட அம்மா கருப்பாயி மாமிதான் வந்தாங்க. தாஸிம் முதலாளியோட உம்மா மாதிரி ரூமுக்குள்ள இருக்க மாட்டாங்க. கடைக் கடையா என்கூட ஏறி இறங்கினாங்க. இந்த முறையும் வரத் தயார். பாஸ்போட் அலுமாரியில இருக்கு. முப்பது கிலோவுக்கு ஆள் என் வீட்டுக்குள்ளயே இருக்கு பெரியம்மா.

அப்ப ஏன் உங்களைக் கூப்பிட்டேன்? எனக்கு இங்கிலீஷ் வராது. சிங்களத்துல எவ்வளவு வேணும்னாலும் பேசி வித்துருவேன், அங்க போனா ஊமை. விலை பேசத் தெரியாம ஏமாந்து போறேன். நீங்க கன்னியாஸ்திரிகள்கிட்ட இங்கிலீஷ் படிச்சவங்க. பக்கத்துல நின்னு பேசினா எனக்குப் பெரிய உதவி.

இது ஆமும் இல்ல, இல்லையும் இல்ல. என்னால இப்படித்தான் எழுத முடியுது.

31ஆம் திகதிக்கு முன்னாடி டிக்கட் போடணும். நீங்க வரலன்னா மாமி பேர்ல போடுறேன். உடம்பைப் பார்த்துக்குங்க.

சுதர்ஷினி


றக்வான
28.07.2025
(விரைவுத் தபால்)

அன்புள்ள சுதர்ஷினி,

பாஸ்போட்டின் பிரதி இத்துடன் இருக்கிறது.

நான் யோசித்தது இதுதான். இரக்கப்பட்டு அழைத்திருந்தால் நான் வர மாட்டேன். வேலைக்கு அழைத்திருக்கிறாய். அதை முதலிலேயே எழுதியிருந்தால் ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும். வேலை என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். விலை பேசுவது என் பொறுப்பு. முப்பது கிலோவும் உன்னுடையது. எனக்கென்று அதில் ஒரு கைக்குட்டைக்குக்கூட இடம் வேண்டாம். என் சேலைகள் என் கைப்பையில் வரும்.

சாப்பாட்டு அட்டவணையில் மாற்றம் இல்லை. உன் மாமியாரிடம் என் வணக்கத்தைச் சொல்லு. அவருடைய இடத்தை நான் எடுத்துக்கொண்டதில் அவருக்கு வருத்தம் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
கனகாம்பிகை


தெஹியோவிட்ட
25.09.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பயணக் களைப்புத் தீர்ந்துச்சா? நான் வந்ததுல இருந்து கடைதான். நீங்க வேண்டாம்னு சொல்லியும் நான் எடுத்த மஞ்சள் சட்டை ரெண்டே நாள்ல முடிஞ்சிருச்சு. நீங்க எடுக்கச் சொன்ன சாம்பல் கலர் அப்படியே தொங்குது. இதை எழுதச் சொல்லி சுமன் நிக்கிறார்.

சத்துசாக்ல பப்பாளிக்காயை உரல்ல இடிச்சுக் குடுத்த அம்மா, மிளகாய் எத்தனைன்னு விரலைக் காட்டினப்போ நீங்க அஞ்சு விரலைக் காட்டினீங்க. அப்புறம் கண்ணுல இருந்து தண்ணி ஊத்தினதை வெயில்னு சொன்னீங்க. நானும் வெயில்னுதான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

அடுத்து, வெத்திலை மாதிரி ஒரு இலையில தேங்காய், இஞ்சி, கச்சான் கடலை, தேசிக்காய்த் துண்டு வெச்சுப் பாணி ஊத்திக் குடுத்தாங்களே. எனக்குக் கையெல்லாம் ஒழுகிருச்சு. நீங்க ரெண்டே மடிப்புல மடிச்சு வாயில போட்டு, ஒரு பக்கக் கன்னத்துல ஒதுக்கி வெச்சீங்க. அம்மா வெத்திலை போடுறது அப்படியேதான்.

இப்ப நான் ஒண்ணு கேக்கணும். திரும்பி வர்ற நாள் ஏர்போட் தராசுல உங்க பெட்டி இருபத்திரண்டு காட்டிச்சு. நீங்க தராசைப் பார்த்தீங்க, நான் உங்களைப் பார்த்தேன். அந்த எட்டுக் கிலோ நான் உங்களுக்குன்னு விட்டது. சனிக்கிழமை அந்த நீலப்பூப் போட்ட பீங்கான் கிண்ணத்தை மூணு தரம் எடுத்துட்டு எடுத்துட்டு வெச்சீங்க. வாங்குவீங்கன்னு பார்த்தேன். ஞாயிறும் பார்த்தேன். திங்கக்கிழமை கடை மூடினதுக்கு அப்புறம் அந்த இடத்தை நிரப்ப எனக்கும் வழி இல்ல. ஏன் வாங்கல?

இன்னொண்ணு. ஏர்போட்ல இருந்து வர்ற வழியில அவிசாவளையில வேனை நிறுத்தி, வீட்டுக்கு வந்து ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்கன்னு கூப்பிட்டேன். நேரமாகுதுன்னீங்க. சரின்னு சுமன் நேரா றக்வானவுக்கே ஓட்டினார். பாங்கொக் வரைக்கும் வந்தவங்களுக்குத் தெஹியோவிட்டவுக்கு மட்டும் ரோட் இல்லையா பெரியம்மா?

அன்புடன்,
சுதர்ஷினி


றக்வான
06.10.2025

அன்புள்ள சுதர்ஷினி,

களைப்பு இல்லை. சாம்பல் நிறம் தீபாவளி முடிந்த பிறகு போகும். அலுவலகத்துக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள். பொறுத்துப் பார்.

கிண்ணத்தை வாங்காததற்குக் காரணம், முப்பதும் உன்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆறு கிண்ணம் மூன்று கிலோ வரும் என்று கையில் பார்த்தபோதே தெரிந்தது. நீ எனக்காக விட்டாய், நான் உனக்காக விட்டேன், எட்டுக் கிலோ வெறுமையாக வந்து சேர்ந்தது. வியாபாரம் செய்கிறவள் இப்படிச் செய்யலாமா?

பிரத்துனாமில் பதினொரு கடை ஏறினோம். பதினொரு கடையிலும் விற்கிற பெண் கால்குலேட்டரில் விலையை அடித்து நீட்டினாள். நீ வாங்கி அழித்துவிட்டு உன் விலையை அடித்தாய். அவள் சிரித்தாள், நீயும் சிரித்தாய், சாமான் பைக்குள் போனது. யாரும் ஒரு சொல் ஆங்கிலம் பேசவில்லை. முதல் கடையிலேயே கவனித்தேன். நான்கு முறை போனவளுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஆக, கிலோவுக்கு உன் மாமியார் இருந்தார். ஆங்கிலம் தேவைப்படவில்லை. இரண்டையும் கழித்துப் பார்த்தேன். இதற்கு மேல் உன்னிடம் காரணம் கேட்கப் போவதில்லை.

ஒழுங்கு பின்வருமாறு. தீபாவளிக்கு முதல் நாள், 19ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை பஸ்ஸில் இரத்தினபுரி. அங்கிருந்து அவிசாவளை. பதினொரு மணிக்குள் தெஹியோவிட்ட. அன்று கடையில் கூட்டமாக இருக்கும். கல்லாவில் உட்கார மாட்டேன். உடுப்பு மடித்து வைக்க ஒரு மூலை இருந்தால் போதும். உங்கள் ஊர்ப் பொலச் சந்தை எந்த நாள் என்று எழுது. அதையும் பார்க்க வேண்டும். தீபாவளி அன்று மதியம் உன் மாமியார் என்ன சமைத்தாலும் சாப்பிடுவேன். எந்த நாற்காலி என்று இந்த முறை கேட்க மாட்டேன்.

தேயிலை இரண்டு கிலோ, அதிரச மா மூன்று கிலோ, கித்துள் பாணி இரண்டு போத்தல். அவற்றோடு என் பழைய அட்லஸ், அது ஒரு கிலோ. அடுத்த வருடம் எங்கே போவது என்று மாமியாரையும் வைத்துக்கொண்டு பார்க்கலாம். தாஸிமின் தராசில் நிறுத்துப் பார்த்தேன், எட்டுக் கிலோ சரியாக இருந்தது. "யாருக்கு மேடம்?" என்று கேட்டார். சொன்னேன்.

பஸ் நிறுத்தத்துக்குச் சுமனை வரச் சொல்லு. என்னால் பை தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. முழங்கால் வலிக்கிறது.

பெரியம்மா